நாற்பது தடவை மேலே, நாற்பது தடவை கீழே

அத்தியாயம் 11

கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரஸ்ஸல் ஸ்கெல்டன், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் அல்லவா, போன வாரம் அவனை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். கோட்டைக் கழற்றியது லொரெய்ன். இடது கண்ணில் பார்வை இனித் திரும்பாது என்ற செய்தியை அவன் நாலு வார்த்தையில் சொல்லி முடித்தான். ஐந்தாவது வார்த்தையை அவளும் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்தியவர்களுக்கு அது போதும்.

ஒரு கண் இருந்தால் டீ போடலாம், பேப்பர் படிக்கலாம், மனைவி போட்ட டீயில் குறை கண்டுபிடிக்கலாம். மாடல் விமானத்தைத் தரையிறக்குவது மட்டும் ரஸ்ஸலுக்கு முடியாமல் போயிற்று. வருகிற விமானம் வேலிக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. டிசம்பரில் சின்ன விமானம் ஒன்றை அந்த வேலியிலேயே கொண்டுபோய்ச் செருகினான். அதற்கப்புறம் ரிமோட்டை அவன் தொடவில்லை.

ஆனால் கராஜில் டைஃபூன் நின்றது. யுத்த காலத்து ஹாக்கர் டைஃபூன் போர் விமானத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, ஆறு வருஷம் உட்கார்ந்து ரஸ்ஸல் கட்டியது. இறக்கை நுனிக்கு நுனி பதினாலு அடி. எடை நாற்பத்தோரு கிலோ. உடம்பு முழுக்க அவன் கை. சக்கரத்தோடு இறக்கைக்குள் மடங்கும் கால்கள் மட்டும் லொரெய்னுடையவை. காற்றுக் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் இறக்கைக்குள் கோர்க்க அவன் விரல்கள் நுழையவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள்தான் அவற்றைக் கோர்த்தாள்.

இனி யார் அதைப் பறக்கவிடுவது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது என்று லொரெய்ன் இருந்தாள். பதினொரு வருஷமாக அவளும் விமானம் விடுகிறவள்தான். ஜனவரியிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் பயிற்சி எடுத்தாள். பக்கத்திலேயே நின்று, “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்று ரஸ்ஸல் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

டைஃபூன் தன் கையால் எழும்ப வேண்டும். அவள் மனசில் வேறு ஆசை எதுவும் இல்லை.

இவ்வளவு எடையுள்ள மாடலைப் பறக்கவிட மாடல் விமானச் சங்கத்து ஆய்வாளர் கையெழுத்து வேண்டும். அந்த நாள்தான் இது. ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. லிங்கன்ஷயர் காற்று பழைய விமானதளத்தின் கான்கிரீட்டைத் துடைத்துப் போட்டிருந்தது.

ஆய்வாளர் பெட்டிஃபர் எட்டு மணி என்றால் ஏழே முக்காலுக்கு வந்து நிற்பவர். ரயில்வே சிக்னலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். அவர் சிரித்ததைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் யாரும் சாட்சி வைத்துக்கொள்ளவில்லை.

வேனைத் திறந்ததும், இறக்கையின் மேல் துண்டு சுற்றிக் கிடந்த வெந்நீர்ப் பையைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“குளிருக்கு ரப்பர் வளையம் சுருங்கிடும், சார். காத்து கசியும். கால் பாதியிலயே நின்னுடும்” என்றாள் லொரெய்ன்.

“நான்கூட அவளுக்குத்தான் கால் வலியோன்னு நினைச்சேன்” என்றான் ரஸ்ஸல்.

“என் காலைப் பத்தி நீ என்னிக்கு நினைச்சே?”

பெட்டிஃபர் மிட்டாயைக் கன்னத்தின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். “வெந்நீர்ப் பை நல்ல யோசனை” என்றார். அவர் வாயிலிருந்து அது பாராட்டுப் பத்திரம்.

டைஃபூனை இரண்டு மர ஸ்டாண்டுகளின் மேல் தூக்கி வைத்தார்கள். சக்கரங்கள் காற்றில் தொங்கின. பெட்டிஃபரின் சோதனை எல்லோருக்கும் தெரிந்தது: நாற்பது தடவை மேலே, நாற்பது தடவை கீழே. ஒன்று தவறினாலும் முதலிலிருந்து. கடைசிப் பத்துக்கு, பெட்டி எடை பார்க்கும் தராசைக் காலில் மாட்டிப் பின்பக்கமாக இழுத்துப் பிடிப்பார். பறக்கும்போது எதிர்க்காற்று அப்படித்தான் இழுக்கும்.

“யார் பறக்கவிடப் போறாங்களோ, அவங்க கைதான் ஸ்விட்ச்ல இருக்கணும்” என்றார். “அது என் வழக்கம்.”

ரஸ்ஸல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். விமானதளத்து வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு, “லோரி, நீ புடி” என்று ரிமோட்டை அவளிடம் நீட்டினான்.

லொரெய்னுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சொல்லிவிட்டான். இவன் வாயால் இதைவிடத் தெளிவாக எதையும் சொல்ல மாட்டான்.

ஸ்விட்சை அவள் தன்னைப் பார்த்து இழுத்தால் கால் கீழே. எதிரே தள்ளினால் மேலே. தள்ளினாள். புஸ்ஸென்று காற்று பாய்ந்தது. மூடிகள் திறந்தன, தடித்த இரண்டு கால்களும் உள்நோக்கி மடிந்து இறக்கைக்குள் போய்ப் படுத்தன. இடது கால் அரை நொடி முந்தியது. அது எப்போதும் அப்படித்தான். இழுத்தாள். இரண்டும் இறங்கி ‘டக், டக்’ என்று பூட்டிக்கொண்டன.

“ஒண்ணு” என்றார் பெட்டிஃபர்.

ஆறு தடவைக்கு ஒரு முறை காற்றுக் குடுவையை நிரப்ப வேண்டும். கால் பம்பை ரஸ்ஸல் மிதித்தான். இருபத்து மூன்றாவது தடவை வலது கால் இறங்கியது, ஆனால் பூட்டுகிற சத்தம் கேட்கவில்லை. பெட்டிஃபரின் பேனா நின்றது. லொரெய்ன் ஸ்விட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை. 

‘டக்.’

“இருபத்தி மூணு” என்றார் பெட்டிஃபர். “குளிருதா அதுக்கு?”

“குளிருது, சார். ஆனா பூட்டிடும்.”

மீதிப் பதினேழும் பிசிறில்லாமல் போயிற்று. தராசைப் பிடித்து இழுத்ததில் பெட்டிஃபருக்குத்தான் மூச்சு வாங்கியது. காலுக்கான கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்கு வந்தார். “பறக்கவிடுபவர் பெயர்.”

“அதை டீ குடிச்சிட்டு எழுதிக்கலாமே” என்றான் ரஸ்ஸல்.

லொரெய்ன் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீ என்றால் அவனுக்கு எல்லாமே அப்புறம்தான்.

அந்த நேரத்துக்குத்தான் கிளிஃப் வந்து சேர்ந்தான். ரஸ்ஸலின் தம்பி. கண்காட்சிகளில் பெரிய விமானங்களை விட்டுப் பெயர் வாங்கியவன். அவன் வரும் முன்னே அவன் குரல் வரும். கையில் சூடான சாசேஜ் ரோல்கள் இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

“டிராக்டர் ஒண்ணு முன்னாடி மாட்டிக்கிச்சு. அவன் நகரவும் மாட்டான், விடவும் மாட்டான். உன் பஸ்ஸுக்கு அண்ணன்தான் போலிருக்கு, லோரி.”

“என் பஸ் நேரத்துக்குப் போய்ச் சேருது, கிளிஃப். உன்னை மாதிரி இல்ல.”

“ஐயோ, காலைலயே அடியா? ரோலைத் தின்னு.”

இரண்டு கையிலும் கிரீஸ். கழுவிக்கொள்ள லொரெய்ன் களத்தின் மறுகோடியிலிருந்த குழாய்க்குப் போனாள். தண்ணீர் ஐஸாக இருந்தது. நகக்கண்ணில் ஒட்டியது போகவில்லை, அவள் அவசரப்படவும் இல்லை. இன்றைய தினத்தைக் கொஞ்சம் தனியாக நின்று சுவைத்துக்கொள்ளத் தோன்றியது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது டைஃபூனை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சொந்தக் காலில் நிறுத்தியிருந்தார்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு அது நின்ற நிற்பு அவளுக்குப் பிடித்திருந்தது. கிளிஃப் தூரத்தில் போனில் இருந்தான். இன்ஜினைக் கிளப்பும் முன் தீயணைப்பு உருளையைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ரஸ்ஸல் அதை எடுக்க வேனுக்குப் போயிருந்தான்.

“தரையில ஓட்டிப் பாத்துடுவோமா, மிஸஸ் ஸ்கெல்டன்?” என்றார் பெட்டிஃபர். “மொதல்ல மின்சாரம் மட்டும். இன்ஜின் அப்புறம்.”

மடிப்பு மேஜை மேல் ரிமோட் இருந்தது. அவள் எடுத்தாள். ஸ்விட்ச் தன் பக்கம் இழுத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இழுத்திருந்தது. ரிமோட்டை ஆன் செய்தாள். ஸ்விட்ச் தப்பான நிலையில் இருந்தால் அது கத்தும். கத்தவில்லை. “சரி, சார்” என்றாள். பெட்டிஃபர் குனிந்து விமானத்தின் சாவியைத் திருப்பப் போனார்.

“லோரி, வேணாம்! போடாதே!”

வேன் பக்கமிருந்து ரஸ்ஸலின் குரல். பெட்டிஃபரின் விரல் அதற்குள் சாவியைத் திருப்பிவிட்டது.

புஸ் என்றது. இடது கால் பூட்டு விலகி உள்ளே மடிந்தது. நாற்பத்தோரு கிலோவும் அந்தப் பக்கமாகச் சரிந்து, இறக்கை நுனி கான்கிரீட்டில் உரசிக் கீச்சிட்டது. சக்கர மூடி அடியில் மாட்டி முறிந்தது. பெட்டிஃபர் சாவியை அணைத்தார். டைஃபூன் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

 பெட்டிஃபர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“கீழேன்னா எந்தப் பக்கம், மிஸஸ் ஸ்கெல்டன்?”

“என் பக்கம்.”

“இப்ப?”

“என் பக்கம்தான் இருக்கு. பாருங்க.”

அவர் பார்த்தார். நாலு பேருமாக விமானத்தைத் தூக்கி மறுபடி ஸ்டாண்டில் வைத்தார்கள். அவர் சாவியைத் திருப்பினார், அவள் ஸ்விட்சைத் தள்ளினாள். கால் இறங்கியது. இழுத்தாள், ஏறியது. எல்லாம் தலைகீழ்.

“காலைல சரியா இருந்தது. நாப்பது தடவை நானே பாத்தேன்” என்றார் பெட்டிஃபர். “யாரோ ரிமோட்டோட செட்டிங்ல கை வெச்சு ஸ்விட்சைத் தலைகீழா மாத்தியிருக்காங்க. ஆனா எச்சரிக்கையை மாத்த மறந்துட்டாங்க. அதான் கத்தலை.”

லொரெய்ன் கிளிஃபைப் பார்த்தாள். தள்ளினால் கீழே, இழுத்தால் மேலே என்பது அவன் முப்பது வருஷப் பழக்கம். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அதை வைத்துக் கிண்டல் பண்ணாத கிறிஸ்துமஸ் இல்லை. வாய்வரை வந்துவிட்டது அவளுக்கு. அப்போதுதான் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. ரஸ்ஸல் கத்தினான். அவன் கத்தியது முதலில். விமானம் சரிந்தது அதற்கப்புறம்.

அவள் ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு வேனுக்குப் பின்னால் நடந்தாள். ரஸ்ஸல் பின்தொடர்ந்து வந்தான். கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

“எப்ப மாத்தின?”

“நீ கை கழுவப் போனப்ப.”

“ஏன்?”

“அவசரம்னா கை பழக்கத்துக்குத்தான் போகும். கிளிஃபுக்குத் தள்ளினாதான் கீழே. ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே அவன் பழக்கத்துக்கு வெச்சுட்டா...”

“ஸ்விட்சைப் பத்திக் கேக்கலை, ரஸ்.”

அவன் கீழே பார்த்தான். “தெரியும்.”

“காலைல ஏன் என் கையில குடுத்த?”

பதில் சொல்ல அவன் எடுத்துக்கொண்ட நேரத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. “அவன் இன்னும் வந்து சேரலை.”

லொரெய்னுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கோபத்தோடு வெட்கமும் வந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. நாற்பது தடவை ஸ்விட்சைப் போட்டபோது முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருந்தோமோ, அதை இவன் பார்த்துக்கொண்டுதானே பம்பை மிதித்தான்.

“எனக்கு விடத் தெரியாதா?”

“அவனைவிட நல்லா விடுவே.”

“அப்புறம்?”

“அது விழும் லோரி. இன்னிக்கோ அடுத்த வருஷமோ, பெரிய விமானம் எல்லாம் ஒரு நாள் விழும். கிளிஃப் கையில விழுந்தா அவனைத் திட்டித் தீர்ப்பேன். மூணு மாசம் பேச மாட்டேன். கிறிஸ்துமஸுக்குள்ள சரியாயிடும். உன் கையில விழுந்தா நான் என்ன பண்றது? ஆறு வருஷம். உன்னைத் திட்டவும் முடியாது. திட்டாம அதே மேஜையில உக்காந்து சாப்பிடவும் முடியாது.”

அவன் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் வலித்தது. இந்த மனுஷன் இதை யோசித்து யோசித்து, தனக்குள்ளேயே விசாரித்து, தனக்குள்ளேயே தீர்ப்பும் எழுதியிருக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளிஃப் வேன் ஓரமாக வந்து நின்றான். வழக்கமான குரலைக் காணோம்.

“லோரி, நான் ஒண்ணு சொல்லணும். நான் கேக்கலை. இவன்தான் பிப்ரவரில போன் பண்ணிக் கேட்டான். உன்கிட்ட பேசிட்டேன்னும் சொன்னான்.”

“பிப்ரவரியா?”

“ஜூன் மாசக் கண்காட்சிப் புத்தகத்துல டைஃபூன்னு போட்டு என் பேர் அச்சாயிடுச்சு. போன வாரம் வந்தது.”

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஆலங்கட்டி மழை. பயிற்சி விமானத்தைப் பதினொரு தடவை இறக்கினாள். ரிமோட் நனையாமல் ரஸ்ஸல் குடை பிடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே இவனுக்குத் தெரியும். குடைக்குக் கீழே நின்றுகொண்டே இவனுக்குத் தெரியும்.

“எதுக்கு என்னைப் பயிற்சி எடுக்க விட்டே?” என்றாள்.

“உனக்குப் பிடிச்சிருந்தது” என்றான் ரஸ்ஸல்.

“டேய், வாயை மூடு” என்றான் கிளிஃப். அந்த நாளில் அவன் சொன்னதிலேயே உருப்படியானது அதுதான்.

லொரெய்ன் நேரே பெட்டிஃபரிடம் போனாள். அவர் ஒடிந்த மூடித் துண்டுகளைப் பொறுக்கி, அளவுவாரியாக மேஜையில் அடுக்கி வைத்திருந்தார். கேட்கவில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

“பேனா குடுங்க, சார்.”

பெயர் எழுதும் வரியில் லொரெய்ன் ஸ்கெல்டன் என்று எழுதினாள். எழுத்து கோணவில்லை.

“விமானத்தோட உரிமையாளர் கையெழுத்தும் அதுக்குக் கீழ வேணும்” என்றார் பெட்டிஃபர். “அது இல்லாம இந்தப் பேர் செல்லாது. அடுத்த தேதி எங்கிட்ட ஜூலைலதான் இருக்கு.”

ஆக, ரஸ்ஸல் போட்டால்தான் உண்டு. அவள் பேனாவை அவன் முன்னால் வைத்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. அவன் தன் விமானத்தைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான்.

“என்னைப் பாக்காதே” என்றான் கிளிஃப். “நான் இதுல இல்ல. ஆனா அச்சடிச்ச பேரை நான் போய் அழிச்சுக்கிட்டு இருக்க மாட்டேன். எனக்கும் ஒரு மரியாதை இருக்கு. அதை நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க.”

சாசேஜ் ரோல் பையை மேஜை மேலேயே விட்டுவிட்டு காருக்குப் போனான். கார்க் கதவைச் சாத்திய சாத்தலில் பாதி லிங்கன்ஷயருக்குக் கேட்டிருக்கும்.

ரஸ்ஸல் பேனாவை எடுத்தான். வரி எங்கே இருக்கிறது என்று ஒற்றைக் கண்ணால் கொஞ்சம் தேடினான். லொரெய்ன் விரலை வைத்துக் காட்டவில்லை. கையெழுத்து வரிக்குக் கீழே இறங்கித்தான் விழுந்தது. பெட்டிஃபர் அதை ஏற்றுக்கொண்டார்.

“ரிமோட்ல கை வெச்சாச்சு. எண்ணிக்கை பூஜ்யம்” என்றார். “மூடியை ஒட்டுங்க. காஞ்சதும் மறுபடி நாப்பது.”

ஒட்டினாள். காய ஒரு மணி நேரம் ஆயிற்று. ஸ்விட்சை அவளே பழையபடி திருப்பினாள், எச்சரிக்கையையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். நாற்பதும் போயிற்று. இருபத்து மூன்றாவதுக்கு எந்தக் குளிரும் இல்லை. தரையில் ஓட்டிப் பார்த்தாள். கான்கிரீட் இணைப்புகளில் தடதடத்துப் போய், திரும்பி, நேரே அவளிடம் வந்து நின்றது. மூன்று மணிக்குப் பெட்டிஃபர் கடைசிக் கையெழுத்தைப் போட்டார்.

“முதல் தடவை பறக்கறது அடுத்த சனிக்கிழமை. காத்து சரியா இருந்தா” என்றவர், கொஞ்சம் தயங்கி, பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து அவளிடம் கொடுத்தார். ரஸ்ஸலுக்குக் கொடுக்கவில்லை.

ஒற்றைக் கண்ணுக்குப் பழகும்வரை ரஸ்ஸல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வேனை அவள்தான் ஓட்டினாள். 

“கிளிஃப்கிட்ட நான் பேசறேன்” என்றான் ரஸ்ஸல், ஊர் எல்லை வந்ததும். “புத்தகத்துல இருக்கற பேரையும் மாத்தச் சொல்றேன். சனிக்கிழமை நான் பம்பு, தீயணைப்பு எல்லாம் எடுத்துக்கறேன். நீ விமானத்தை மட்டும் பாரு.”

லொரெய்ன் சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“சனிக்கிழமை அது விழுந்தாலும் விழும். நீயே சொன்னே. விழுந்தா, கிளிஃபைத் திட்டற மாதிரியே என்னையும் திட்டணும். அங்கேயே, எல்லார் முன்னாடியும். ராத்திரி வந்து அதே மேஜையில உக்காந்து சாப்பிடணும். அது உன்னால முடியும்னா வா, ரஸ். முடியாதுன்னா வீட்டுலயே இரு.”

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த கார் ஒரு தடவை ஹாரன் அடித்தது. அவள் கியரைப் போட்டாள்.